அங்கியில் தைத்த குடை

கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டு டிக்கெட் பரிசோதகர் சொன்னார்: “இப்போ உள்ள வந்துட்டுப் போச்சே, அது குடை இல்ல. நேத்து வந்துச்சே, அதுதான் குடை. இது வேற ஆளு.”

சின்னவள் நிமிர்ந்து பார்க்கவில்லை. மடியில் கிடந்த அங்கியின் கழுத்து நாடாவைச் சரிபார்ப்பது போல விரலால் நீவிக்கொண்டிருந்தாள். அவர் சொன்னது நிஜம். அது நிஜம் என்று அந்த நடைவழியில் தெரிந்த ஒரே ஆள் அவள்தான்.

சின்னவள் என்பது வீட்டில் கூப்பிடுகிற பெயர். ஆஸ்பத்திரியில் அவள் தையலம்மா. பதினான்கு வருஷமாகத் துணிக்கிடங்கில் தையல் வேலை. கிழிந்த படுக்கை விரிப்பு அவள் கைக்கு வந்தால் நடுவில் வெட்டி, ஓரங்களைச் சேர்த்துத் தைத்து இன்னும் ஒரு வருஷம் உழைக்க வைப்பாள். அதுவும் நைந்தால் தலையணை உறை. அதுவும் போனால் தரை துடைக்கும் துணி. தூக்கிப் போட்டாள் என்று ஒரு துண்டைக்கூட யாரும் காட்ட முடியாது. எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்திவிட்டு, அக்கா மூத்தவளின் மெஷினில் உட்கார்ந்து தையல் கற்றவள். முதன்முதலில் தைத்த தலையணை உறையை நாலு பக்கமும் மூடித் தைத்துவிட்டாள். “தலையணை எந்த வழியா உள்ள போகும்?” என்று மூத்தவள் கேட்டதற்கு, “நல்லா கெட்டியா இருக்கணும்னு சொன்னியே” என்றாளாம். அதற்கப்புறம் எதையும் இரண்டு முறை அளக்காமல் அவள் கத்தரியைத் தொட்டதில்லை. ஆனால் கெட்டியாகத் தைக்கும் ஆசை மட்டும் போகவேயில்லை.

தொற்று பரவிய மூன்றாவது வாரம் அவளைக் கிடங்கிலிருந்து அவசரப் பிரிவின் வாசலுக்கு மாற்றினார்கள். ஒரு முக்காலி, சுவரில் வரிசையாகக் கொக்கிகள், ஆள் உயரக் கண்ணாடி ஒன்று, ஒரு பெட்டி நிறைய ஒட்டுநாடா. உள்ளே போகிற ஒவ்வொருவருக்கும் பாதுகாப்பு அங்கி மாட்டி, கையுறையை மணிக்கட்டில் ஒட்டி, எங்காவது இடைவெளி இருக்கிறதா என்று பார்த்து அனுப்புவதுதான் வேலை. பெரிய பெரிய டாக்டர்கள் எல்லாம் அவள் முன்னால் கையைத் தூக்கிக்கொண்டு நின்று சுற்றிக் காட்டுவார்கள். ஒரு விரற்கடை தோல் தெரிந்தாலும் விடமாட்டாள்.

“எங்கம்மாகூட என்னை இப்படித் திருப்பித் திருப்பிப் பாத்ததில்ல தையலம்மா.”

“அம்மா பாத்திருந்தா கழுத்துக்கிட்ட இவ்வளவு இடம் விட்டிருக்க மாட்டீங்க. திரும்புங்க.”

யாருக்கு, எத்தனை மணிக்கு, எந்த அங்கியை மாட்டினாள் என்பதை நீல அட்டை போட்ட நோட்டில் எழுதி, பக்கத்தில் அவர்களிடமே கையெழுத்து வாங்குவாள். யாரும் எழுதச் சொல்லவில்லை. கிடங்கில் ஒரு துணி வெளியே போனால் எழுதுவது பழக்கம், அவ்வளவுதான்.

அந்த மாதங்களில் அவசரப் பிரிவுக்கு மூச்சு முட்டி வந்தவர்கள் போக, மனசு முறிந்து வந்தவர்களும் நிறைய. கையில் தொற்று ஒட்டியிருக்கிறது என்று தரை கழுவும் மருந்தால் தோல் உரியும்வரை கழுவிய ஒரு பெண் வந்தாள். இரண்டு மாதம் அறைக் கதவைத் திறக்காத ஒருவரைப் பூட்டை உடைத்துக் கொண்டுவந்தார்கள். மாத்திரையை அள்ளி விழுங்கியவர்கள் வாரத்துக்கு மூன்று பேராவது. இவர்களுக்கென்று கண்ணாடிக் கதவு வைத்த மூன்று அறைகளை ஒதுக்கியிருந்தார்கள். ஏற்கெனவே பயந்து வந்திருப்பவர்கள் முன்னால் முகமே இல்லாத வெள்ளை உருவங்கள் போய் நின்றால் எப்படி இருக்கும்? ஒரு அம்மாள், “பொணத்துக்குச் சுத்தின துணி நடந்து வருது” என்று அலறிச் சுவரோடு ஒண்டிக்கொண்டாள்.

அங்கியில் மார்க்கரால் பெயர் எழுதிப் பார்த்தார்கள். வியர்வையில் கரைந்தது. படிக்கத் தெரியாதவர்களுக்கு அது இருந்தும் பிரயோஜனமில்லை. அப்போதுதான் சின்னவள் ஒரு யோசனை சொன்னாள். ஆளுக்கு ஒரு படம். உள்ளங்கை அகலத் துணியில் கலர் நூலால் தைத்து, நெஞ்சில் ஒன்று, முதுகில் ஒன்று. இடக்கையால் எழுதுகிற மூத்த நர்ஸ் குடையைக் கேட்டு வாங்கிக்கொண்டார். மனநல டாக்டருக்குச் சாவி. இன்னொரு நர்ஸுக்கு மீன். தனக்கு மட்டும் சின்னவள் ஊசி தைத்துக்கொண்டாள். அதைப் பார்த்த முதல் நோயாளி, “ஊசி போடறவ வந்துட்டா!” என்று கட்டிலுக்கு அடியில் புகுந்துவிட்டார். மறுநாள் ஊசியைப் பிரித்துவிட்டுப் பொத்தான் தைத்துக்கொண்டாள்.

படங்கள் வேலை செய்தன. “குடையைக் கூப்பிடுங்க, குடை வந்தா மாத்திரை போட்டுக்கறேன்” என்று நோயாளிகள் கேட்கத் தொடங்கினார்கள். இருபத்திரண்டு பேர், ஆளுக்கு இரண்டு அங்கி, அங்கிக்கு இரண்டு படம். மொத்தம் எண்பத்தெட்டு. கொதிக்கிற தண்ணீரில் துவைத்தாலும் பிரியக்கூடாது என்று நாலு ஓரமும் இரட்டைத் தையல் போட்டாள். ஒரு குறடு கொண்டு வந்து இழுத்தாலும் வராது. அதில் அவளுக்கு அத்தனை பெருமை.

புதன்கிழமை மத்தியானம் துணி உலர்த்தும் இயந்திரம் நின்றுபோனது.

நாற்பத்து நான்கு அங்கிகளில் பத்தொன்பதுதான் காய்ந்து வந்தன. துணிக்கிடங்கு மேற்பார்வையாளரிடம் போய்ச் சொன்னாள். “குடை அங்கி காஞ்சிருக்கு, ஆனா குடை நாளைக்கு லீவு. மீனோட ரெண்டும் ஈரம். என்னங்க செய்ய?”

“காஞ்சது எதுவோ அதை மாட்டி அனுப்பு.”

“படம் மாறிப்போகுமே.”

“படமா முக்கியம், உயிரா முக்கியம்? இது ஆஸ்பத்திரியா, இல்ல சின்னப் புள்ளைங்க பள்ளிக்கூடமா?”

“படத்தை மட்டும் பிரிச்சு மாத்தித் தைக்கலாம். கொஞ்சம் நேரம் குடுத்தீங்கன்னா...”

“எண்பத்தெட்டையும் பிரிச்சுக்கிட்டு உக்காந்திருக்க இப்போ யாருக்கு நேரம் இருக்கு? போம்மா. யாரு அதையெல்லாம் பாக்கப்போறா?”

அவர் கேட்டதும் நியாயம்தான் என்று சின்னவள் தன்னையே சமாதானம் செய்துகொண்டாள். முதல் அங்கியை மாற்றி மாட்டியபோது கை கூசியது. நாலாவதுக்கு மேல் கூசவில்லை.

ஆனால் ஒருவர் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்.

டிக்கெட் பரிசோதகருக்கு இரயிலில் இருபத்தேழு வருஷ சர்வீஸ். அடையாள அட்டையில் இருக்கிற படத்தையும் எதிரே உட்கார்ந்திருக்கிற ஆளையும் ஒரே பார்வையில் ஒப்பிட்டு, தூங்குவது போல நடிக்கிறவனை மூச்சை வைத்தே கண்டுபிடிக்கிற தொழில். திங்கட்கிழமை மூச்சுத் திணறிய மனைவியை ஆம்புலன்சில் கொண்டுவந்தார். அந்த அம்மாளைப் பின்னால் இருந்த தொற்றுக் கட்டிடத்துக்கு எடுத்துப் போனார்கள். அவருக்குத் தொற்று இல்லை, உள்ளே விடவில்லை. வீட்டுக்கும் போகமாட்டேன் என்று வாசல் பெஞ்சிலேயே உட்கார்ந்துவிட்டார். தூக்கம் கிடையாது. புதன்கிழமை காலையில் எழுந்து நின்று, உள்ளே போகிற ஒவ்வொருவரிடமும் அட்டையைக் காட்டச் சொல்லி மறித்தார். கூரையிலிருந்து அறிவிப்பு கேட்கிறது என்றார், மனைவி ஏறிய வண்டியைக் கிளப்பிவிட்டார்கள் என்றார். நாலு பேர் சேர்ந்து அவரை இரண்டாம் எண் அறைக்குக் கொண்டுவந்தார்கள்.

அந்த அறைக் கதவுக்கு நேர் எதிரே சின்னவளின் முக்காலி. வியாழன் முழுவதும் அவர் கண்ணாடியில் நெற்றியை வைத்துக்கொண்டு பார்த்தபடியே இருந்தார்.

“அம்மா. பொத்தான் அம்மா. உங்களைத்தான்.”

“சொல்லுங்க ஐயா.”

“குடை இடது கையால எழுதும். இன்னைக்கு வந்த குடை வலது கையால எழுதுது. ஒரே நாள்ல கை மாறுமா?”

“நீங்க கொஞ்சம் படுங்க ஐயா.”

“நான் கேட்டதுக்கு அது பதில் இல்லையே.” கண்ணாடியில் அவர் மூச்சு படிந்து மறைந்தது. “சாவின்னு ஒண்ணு வந்துச்சு. பதினோரு மணி இருக்கும். உங்க பொண்டாட்டி நல்லா இருக்கா, கவலைப்படாதீங்கன்னு சொல்லிச்சு. நேத்து வந்த சாவி என் தோள் உசரம். பொம்பளை. இன்னைக்கு வந்தது ஆம்பளைக் குரல். அப்போ அது யாரு? நல்லா இருக்கான்னு அதுக்கு யாரு சொன்னது? நீங்க எல்லாம் யாருங்க?”

சாயங்காலம் கொண்டுபோன தண்ணீரை அவர் தொடவில்லை. ரொட்டியை முகர்ந்து பார்த்துத் திருப்பி வைத்துவிட்டார். யார் கொடுக்கிறார்கள் என்று தெரியாததை எப்படிச் சாப்பிடுவது என்று கேட்டார்.

அன்று வீட்டுக்குப் போய்க் குளித்துவிட்டு, வாசல் பக்க அறையில் தனியாக உட்கார்ந்து சாப்பிட்டபோது சின்னவளுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. கதவுக்கு வெளியே நின்ற மூத்தவள், “இருமினியா?” என்று கேட்டாள். “இல்ல.” “அப்புறம் ஏன் தட்டை அப்படியே வச்சிருக்க?” அந்தக் காலத்தில் எல்லா வீட்டிலும் இப்படித்தான். ஒரு தும்மலுக்கு நாலு பேர் திரும்பிப் பார்ப்பார்கள். எதிர்வீட்டுக்காரர், சின்னவள் கைவைத்த மாடிப்படிக் கம்பியை அவள் போன பிறகு துடைப்பார். யாரும் யாரையும் நம்பாத காலம். அதில் ஒருவர் கொஞ்சம் அதிகமாகச் சந்தேகப்பட்டுவிட்டால் மட்டும் அவருக்குக் கண்ணாடி அறை.

வெள்ளிக்கிழமை காலை பத்தரை மணிக்கு அது நடந்தது. குடை தைத்த அங்கியைப் போட்டுக்கொண்டு மீன் நர்ஸ் இரத்த அழுத்தம் பார்க்கப் போனாள். பரிசோதகர் அமைதியாகக் கையை நீட்டினார். அவள் குனிந்ததும் இன்னொரு கையால் அவள் மாஸ்க்கைப் பிடித்துக் கீழே இழுத்துவிட்டார். “பாருங்க! எல்லாரும் பாருங்க! இது குடை இல்ல!” மாஸ்க்கின் கயிறு அறுபட்டு மீனின் காதில் கீறியது. காவலாளிகள் ஓடிவந்து அவரைக் கட்டிலில் அழுத்திப் பிடித்தார்கள். அவர் யாரையும் அடிக்கவில்லை. ஒரே வார்த்தையைத்தான் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார். “அட்டையைக் காட்டு. அட்டையைக் காட்டு.”

ஒன்றரை மணிக்கு மனநல டாக்டர் சின்னவள் முன்னால் கையைத் தூக்கி நின்றார். கையில் ஒரு படிவம். பக்கத்தில் நின்ற குடையிடம் படித்துக் காட்டினார்: “ஊழியர்கள் ஆள் மாறி வருகிறார்கள் என்ற உறுதியான பொய்நம்பிக்கை. அதன் காரணமாக உணவு, நீர் மறுப்பு. அதன் காரணமாகத் தாக்குதல்.” பிறகு பெருமூச்சு விட்டார். “நாலு மணிக்கு வண்டி. ஊருக்கு வெளிய இருக்கிற பூட்டு போட்ட மனநோய் விடுதிக்கு அனுப்பிடலாம். கையைக் கட்டித்தான் அனுப்பணும். எனக்கும் மனசில்ல. ஆனா இங்க வச்சு என்ன பண்ண?”

“அங்க போனா அவங்க வீட்டம்மாவைப் பாக்க முடியாதே டாக்டர்” என்றார் குடை.

“தொற்று முடியறவரைக்கும் யாரையும் பாக்க முடியாது.”

சின்னவளின் கை நாடா முடிச்சில் நின்றுவிட்டது.

“என்ன தையலம்மா, எங்கயாச்சும் இடைவெளியா?”

வாய் வரைக்கும் வந்தது. துணிக்கிடங்கு மேற்பார்வையாளரின் முகம் கண்ணில் ஆடியது. அங்கி மாறிப் போவது தொற்று விதிக்கே விரோதம், இதைச் சொன்னால் முதலில் யார் தலை உருளும் என்று அவளுக்குத் தெரியும். “இல்லீங்க டாக்டர்” என்றாள். முடிச்சைப் போட்டாள். டாக்டர் அறைக்குள் போனார். அவருக்கு அப்போது மாட்டியிருந்தது யாருடையதோ தொப்பிப் படம். உள்ளேயிருந்து பரிசோதகர் சிரிக்கிற சத்தம் கேட்டது.

“ஓ, இப்போ தொப்பியா? இன்னும் எத்தனை பெட்டி இருக்கு இந்த வண்டியில?”

அந்தச் சிரிப்பை அவளால் தாங்க முடியவில்லை. நீல நோட்டை எடுத்து வியாழக்கிழமைப் பக்கத்தைப் புரட்டினாள். பதினொன்று பத்து. சாவி அங்கி, முதல் செட். மாட்டியது யாருக்கு என்ற இடத்தில் ஸ்ட்ரெச்சர் தள்ளுகிறவரின் கையெழுத்து. எல்லோரிடமும் “எல்லாம் சரியாயிடும்” என்று சொல்லிச் சொல்லியே ஆறுதல் அண்ணன் என்று பெயர் வாங்கியவர்.

அவரைத் தேடிப் போனாள். அவர் சக்கரத்துக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார்.

“அண்ணே, நேத்து ரெண்டாம் நம்பர் அறையில அவரு பொண்டாட்டி நல்லா இருக்குன்னு சொன்னது நீங்களா?”

“ஆமா. பாவம், புலம்பிக்கிட்டே இருந்தாரு.”

“உங்களுக்கு யாரு சொன்னாங்க, அந்தம்மா நல்லா இருக்குன்னு?”

அவர் எண்ணெய்க் குப்பியைக் கீழே வைத்தார். “யாரும் சொல்லலம்மா. ஒரு ஆறுதலுக்குச் சொன்னேன்.”

“நல்லா இருக்கா இல்லையான்னே தெரியாம?”

“நான் எல்லாருக்கும் அப்படித்தானே சொல்றேன்?” என்றார் அவர். குரல் இறங்கிவிட்டது.

முந்தாநாள்வரை அவள் நம்பியிருந்த எல்லாமே கொஞ்சம் நகர்ந்துவிட்ட மாதிரி இருந்தது. பரிசோதகர் கேட்ட கேள்வி அவளுடைய கேள்வியாகிவிட்டது. நல்லா இருக்காள் என்று யார் சொன்னது? கிடங்குக்கு ஓடினாள். தொற்றுக் கட்டிடத்திலிருந்து வந்த அழுக்குத் துணிச் சீட்டுகள் கம்பியில் குத்தியிருந்தன. அந்த அம்மாள் இருந்தது ஒன்பதாம் கட்டில் என்று அவர் ஐம்பது முறை சொல்லியிருக்கிறார். இன்றைய சீட்டில் ஒன்பதாம் கட்டிலுக்கு எதிரே எழுதியிருந்தது: முழு செட், மெத்தை உறை உட்பட.

பதினான்கு வருஷம் துணி பார்த்தவளுக்கு அதைப் படிக்கத் தெரியும். விரிப்பு தினம் மாறும், மெத்தை உறை மாறாது. ஆள் கட்டிலைக் காலி செய்தால்தான் மாறும். நாலு நாளில் யாரும் குணமாகி வீட்டுக்குப் போவதில்லை.

சுவர்க் கடிகாரத்தில் மூன்று ஐந்து.

டாக்டர் பின்கதவுப் படியில், மாஸ்க்கைத் தாடைக்குக் கீழே இறக்கிவிட்டுத் தேநீர் குடித்துக்கொண்டிருந்தார். அந்த டாக்டருக்கு நாற்பது தடவைக்கு மேல் அங்கி மாட்டியிருக்கிறாள். மேல் உதட்டில் ஒரு பழைய தழும்பு இருப்பது அன்றுதான் தெரிந்தது. ஆறடி தள்ளி நின்று, நோட்டையும் சீட்டையும் படியில் வைத்து, இயந்திரம் நின்றதிலிருந்து ஆரம்பித்து எல்லாவற்றையும் சொன்னாள். நடுவில் மூச்சு விடவில்லை.

டாக்டர் நோட்டைப் புரட்டினார். முதலில் அவர் கண்ணிலும் அதே சந்தேகப் பார்வைதான் வந்தது. “இதெல்லாம் இப்போ உக்காந்து எழுதினது இல்லையே?”

“ஒவ்வொரு வரிக்கும் அவங்கவங்க கையெழுத்து இருக்கு டாக்டர். உங்களுதும் இருக்கு. ஒன்றரை மணி, தொப்பி.”

டாக்டர் தன் கையெழுத்தைப் பார்த்தார். தன்மீது என்ன படம் இருந்தது என்று அவரும் கவனிக்கவில்லை.

“ஒன்றரை மணிக்கே ஏன் சொல்லல?”

“பயந்துட்டேன்.”

டாக்டர் படிவத்தை எடுத்து முழங்காலில் வைத்தார். “அவருக்கு உடம்பு சரியில்லைங்கறது நிஜம். கூரையில அறிவிப்பு கேக்குது, தூக்கம் இல்ல. அதுல மாத்தமில்ல. ஆனா இந்த வரி அவரோட நோய் இல்ல.” பேனாவால் முதல் வரியை அடித்தார். “இது நம்ம நோய்.”

தொற்றுக் கட்டிடத்துக்குப் போன் செய்தார். யாரும் எடுக்கவில்லை. இரண்டாவது முறையும் இல்லை. மூன்றாவது முறை எடுத்தவர் காத்திருக்கச் சொல்லிவிட்டுப் போனார். பதினோரு நிமிஷம். அந்தப் பதினோரு நிமிஷமும் சின்னவள் டாக்டரின் தழும்பையே பார்த்துக்கொண்டு நின்றாள். அந்த முகத்தில்தான் பதில் முதலில் தெரியும்.

அந்த அம்மாள் உயிரோடு இருந்தார். மூச்சு மோசமானதால் காலையில் நர்ஸ் மேஜைக்குப் பக்கத்தில் நாலாம் கட்டிலுக்கு மாற்றியிருந்தார்கள். பெரிய ஆக்சிஜன் முகமூடி, பேச முடியாது. செவ்வாய்க்கிழமையே ஒரு தாளில் எழுதிக் கொடுத்திருக்கிறார். அது யாருக்கு என்று தெரியாமல் அவருடைய கோப்பிலேயே குத்தி வைத்திருந்தார்கள். போனில் படித்தார்கள்: “அவர் மாத்திரை என் நீலப் பையில் மாட்டிக்கிட்டு வந்துடுச்சு. பதினோரு வருஷமா சாப்பிடறார். ஒரு நாள்கூட நிறுத்தக்கூடாது. நிறுத்தினா தூங்க மாட்டார், யாரையும் நம்ப மாட்டார்.”

டாக்டர் கண்ணை மூடித் திறந்தார். “தாளைப் படம் எடுத்து அனுப்புங்க. பையையும் அனுப்புங்க. உடனே.”

அதன்பின் நடந்தது சின்னவளின் யோசனை. அங்கி மாட்டும் இடம் கதவுக்கு எதிரேதானே இருக்கிறது, ஆனால் அவள் எப்போதும் ஆளைச் சுவர்க் கண்ணாடியைப் பார்க்க நிறுத்திவிடுவாள். பரிசோதகர் பார்த்ததெல்லாம் முதுகும் தலைமூடியும்தான். இன்று முக்காலியைத் தூக்கிக் கதவுக்கு அருகில் போட்டாள். நடைவழியில் இருந்த மற்றவர்களைத் தள்ளிப் போகச் சொன்னாள். மூடிய கண்ணாடிக்கு இந்தப் பக்கம் டாக்டர் தனியாக நின்று மாஸ்க்கை இறக்கினார்.

பரிசோதகர் கட்டிலிலிருந்து எழுந்து வந்தார். டாக்டர் தன் அட்டையைக் கண்ணாடியில் ஒட்டவைத்துக் காட்டினார். பரிசோதகர் அட்டையைப் பார்த்தார், முகத்தைப் பார்த்தார், மறுபடி அட்டையைப் பார்த்தார். அவசரமே படவில்லை. சின்னவள் கடிகாரத்தைப் பார்த்தாள். மூன்று ஐம்பது.

“படத்துல தழும்பு இல்ல” என்றார்.

“அட்டை எடுத்து ஒன்பது வருஷம் ஆச்சு. தழும்பு அப்புறம் வந்தது. சைக்கிள்ல விழுந்தேன்.”

“ம்.” தலையை ஆட்டினார். “போடுங்க. நான் பாத்துக்கிட்டிருக்கேன்.”

சின்னவள் மாஸ்க்கை மாட்டினாள், அங்கியை மாட்டினாள், கையுறையை ஒட்டினாள். அன்று காய்ந்திருந்தது கிளி தைத்த அங்கி. கிளியின்மேல் ஒரு வெள்ளைத் துண்டை ஒட்டி மறைத்து, அவர் பார்க்கவே மார்க்கரால் ஒரு சாவி வரைந்தாள். டாக்டர் உள்ளே போனார். கதவு திறந்தே இருந்தது.

“உங்க வீட்டம்மா நல்லா இல்ல” என்றார் டாக்டர். “மூச்சு மோசமாயிருக்கு. கட்டில் மாத்தியிருக்கோம். பேச முடியல. பிழைச்சுக்குவாங்கன்னு நான் சொல்ல மாட்டேன். முயற்சி பண்றோம். நேத்து நல்லா இருக்காங்கன்னு உங்ககிட்ட சொன்னவருக்கு எதுவுமே தெரியாது. அங்கியும் அவரோடது இல்ல. நீங்க பாத்தது சரி. ரெண்டு நாளா படம் மாறித்தான் வருது.”

பரிசோதகரின் தோள் மெல்ல இறங்கியது. காவலாளிகள் ஓரடி முன்னால் வந்தார்கள்.

“நல்லா இல்லைன்னா சொல்றீங்க?”

“ஆமா.”

“அப்போ நீங்க டாக்டர்தான்” என்றார் அவர். “ஏமாத்த வந்தவன் நல்ல சேதிதான் கொண்டுவருவான்.”

போனில் வந்த தாளின் படத்தைக் காட்டினார்கள். கையில் வாங்கவில்லை, தூரத்தில் வைத்தே படித்தார். கடைசி வரிக்கு வந்தபோது உதடு கோணியது. “இந்த எழுத்தை யாரும் கள்ளத்தனமா எழுத முடியாது. இவ்வளவு கோணலா எழுத அவளால மட்டுந்தான் முடியும்.”

நீலப் பையைத் துடைத்துக் கொண்டுவந்தார்கள். மாத்திரை அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்து ஒன்றைப் பிதுக்கினார். தண்ணீருக்கு ஐந்து மூடிய பாட்டில்களை வரிசையாக வைக்கச் சொன்னார். மூன்றாவதை எடுத்து, மூடியின் வளையம் அறுபடாமல் இருக்கிறதா என்று வெளிச்சத்தில் பார்த்துவிட்டுக் குடித்தார். முழுதாகக் குடித்தார். கழுத்து ஏறி இறங்குவதை நடைவழியே பார்த்துக்கொண்டு நின்றது.

நாலு பத்துக்கு வண்டி வந்தது. “ஆளு எங்க?” என்று டிரைவர் கேட்டார். “டிக்கெட் ரத்தாயிடுச்சு” என்றார் ஆறுதல் அண்ணன். வேறெதுவும் சேர்த்துச் சொல்லவில்லை. அன்றிலிருந்து அவர் யாரிடமும் எல்லாம் சரியாயிடும் என்று சொல்வதில்லை. “கேட்டுட்டு வந்து சொல்றேன்” என்கிறார்.

திங்கட்கிழமை சின்னவளிடம் எழுத்து மூலம் விளக்கம் கேட்டார்கள். இரண்டு பக்கம் எழுதினாள். மேற்பார்வையாளர் சொன்னதை எழுதினாள், தான் பேசாமல் இருந்த ஒன்றரை மணி நேரத்தையும் எழுதினாள். மூத்தவள் படித்துப் பார்த்துவிட்டு, “இதை ஏன் எழுதற? யாருக்கும் தெரியாதே?” என்று கேட்டாள். “நோட்டுல நேரம் இருக்கே” என்றாள் சின்னவள். எச்சரிக்கைக் கடிதம் ஒன்று வந்தது. வேலை போகவில்லை. மேற்பார்வையாளர் ஒரு மாதம் அவளோடு முகம் கொடுத்துப் பேசவில்லை, ஆனால் இயந்திரம் மூன்றே நாளில் சரியானது.

எண்பத்தெட்டுப் படங்களையும் அவளே பிரித்தாள். இரட்டைத் தையல், ஒவ்வொன்றும் உயிரை வாங்கியது. தன் கையால் போட்ட தையலைத் தானே திட்டிக்கொண்டு பிரித்தாள். படத்தின் நாலு மூலைக்கும் பிரஸ் பட்டன். முந்நூற்று ஐம்பத்திரண்டு ஜோடி. ஆறு நாள் ஆனது. இனி எந்த அங்கி காய்ந்தாலும் ஆளின் படம் ஆளோடு போகும். கண்ணாடி அறைகளுக்குப் போகிறவர்கள் அந்தக் கதவைப் பார்த்து நின்றுதான் அங்கி மாட்ட வேண்டும் என்று டாக்டர் ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டினார்.

பரிசோதகரை மறுவாரம் மேல்மாடி வார்டுக்கு மாற்றினார்கள். முப்பத்தோராம் நாள் அவர் மனைவியைச் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு துணிக்கிடங்கு வாசலுக்கு வந்தார். இளைத்திருந்தார். சட்டை நன்றாகத் தேய்த்திருந்தது. சின்னவள் மெஷினை விட்டு எழுந்து வந்தாள்.

அவர் அவளை மேலிருந்து கீழே பார்த்தார். “பொத்தான் அம்மாவா?”

“ஆமாங்க ஐயா.”

“அவங்க இன்னும் உசரம்.”

“அப்போ காலுறை, தலைமூடி எல்லாம் இருந்துச்சுங்க.” சட்டைப்பையிலிருந்து பொத்தான் படத்தை எடுத்து நீட்டினாள். அவர் வாங்கி முன்னும் பின்னும் திருப்பினார். பிரஸ் பட்டனை நகத்தால் அழுத்திப் பார்த்தார்.

“இது கழட்டி மாட்டறதா?”

“ஆமாங்க. நீங்க சொன்னதுக்கு அப்புறம்தான் இப்படி மாத்தினேன்.”

“இதை யாரு வேணா எடுத்து யாரு வேணா மாட்டிக்கலாமே.”

ஆறு நாள் உட்கார்ந்து தைத்தவள் அந்தப் பட்டனை ஒரு முறை பார்த்தாள். பிறகு சிரித்துவிட்டாள். “மாட்டிக்கலாம்தான். அதனாலதான் நோட்டு இருக்கு.”

“எங்க, காட்டுங்க.”

அவள் உள்ளே போய் நீல நோட்டை எடுத்துவந்து கொடுத்தாள். அவர் கண்ணாடியை மூக்கில் சரிசெய்துகொண்டு முதல் பக்கத்திலிருந்து, வரிக்கு வரி விரலை வைத்துப் படிக்க ஆரம்பித்தார்.

“நேரமாச்சுங்க” என்றார் அவர் மனைவி நாற்காலியிலிருந்து, மூச்சு வாங்க.

“இரு” என்றார் அவர். “இன்னும் முடியல.”